ஏழு தடவை

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு வெயில் ஆகாது. ஆனால் இந்தப் பையை மட்டும் மேலே வைக்க மாட்டேன், மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், "மேல வைங்கம்மா, எடந்தான் கெடக்கே" என்று. இடம் கிடந்தால் வைத்துவிட வேண்டுமா? யாராவது தேங்காய் மூட்டையைக் கொண்டுவந்து இதன்மேல் போடுவார்கள். உள்ளே ஒரு தாள் இருக்கிறது. நான் ஜெயிலுக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. நானாகச் சொல்லவில்லை, வக்கீல் சொன்ன வார்த்தை.

பயந்துவிடாதீர்கள். நான் கொலைகாரி இல்லை, ஹவுஸ் ஓனர்.

நீங்கள் டீச்சர்தானே? கட்டுக்கட்டாகப் பரீட்சைத் தாள் வைத்திருக்கிறீர்களே, அரையாண்டுத் தேர்வா? நீங்கள் பாட்டுக்குத் திருத்துங்கள், நான் பாட்டுக்குப் பேசுகிறேன். ஒரு மாதமாக இதை யாரிடமும் முழுதாகப் பேசவில்லை. பேசக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்காரர் ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம், "வாயத் திறக்காதே" என்று. மதுரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, நீங்கள் யாரோ, நான் யாரோ.

பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. அப்பா எனக்குக் கொடுத்தது, பத்திரம் என் பேரில். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் கீழே ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு. வாடகைக்கு விடுவது லேசான காரியம் என்று நினைக்கிறார்கள். ஒருத்தன் சுவரெல்லாம் ஆணி அடித்தான், ஒருத்தி மாடியில் கோழி வளர்த்தாள். ஒவ்வொரு குடித்தனம் காலி செய்யும்போதும் அக்ரிமென்ட்டில் ஒரு நிபந்தனை கூடிக்கொண்டே வந்தது, இப்போது இருபத்து மூன்று. எல்லாம் நானே எழுதியது. வீட்டு உரிமையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, அதில் நான் எழுதிய நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தக் குழுவில் ஒரே பேச்சுதான். எது நடந்தாலும் அது ஓனர் தலையில் விடியக் கூடாது, அதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடு. வாடகைக்காரன் வழுக்கி விழுந்தால் அவன் பொறுப்பு. சிலிண்டர் வெடித்தால் அவன் பொறுப்பு. மாங்காய் பறிக்க ஏறி விழுந்தால் அவன் பொறுப்பு. எங்கள் வீட்டில் மாமரம் கிடையாது, இருந்தாலும் எழுதி வைத்தேன்.

பதினான்காவது நிபந்தனை மோட்டாரைப் பற்றியது.

பின்கட்டில் குளியலறைச் சுவரை ஒட்டி போர்வெல் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி. அப்பா காலத்துப் பெட்டி. அதைத் தொட்டால் கொஞ்சம் சுரீர் என்னும். கொஞ்சம்தான். முன்பு மாடியில் இருந்த ஒரு போஸ்ட் ஆபீஸ்காரர் சொன்னார், அதற்கு முன்னால் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் தெளிவாக எழுதிவிட்டேன்: "மோட்டார் சுவிட்சில் மின் அதிர்வு இருப்பதை வாடகைதாரர் அறிவார். இரப்பர் செருப்பு அணிந்தே சுவிட்சைப் போட வேண்டும். தவறினால் ஏற்படும் விளைவுக்கு உரிமையாளர் பொறுப்பல்ல." ஒரு பிழை கிடையாது, ஒரு வார்த்தை கூடுதலும் கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் இம்மாகுலேட் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். முழு விடை எழுது, இல்லையென்றால் எழுதாதே, பாதி விடைக்கு மார்க் இல்லை. நீங்கள் பாதிக்குப் பாதி போடுவீர்களாக்கும். இப்போதெல்லாம் போட்டுவிடுகிறார்கள்.

அது மட்டுமா, செருப்பும் வாங்கி வைத்தேன். நீல வார் போட்ட இரப்பர் செருப்பு ஒரு ஜோடி, என் கைக்காசில், சுவிட்சுக்குக் கீழேயே, ஒரு ஷெல்ஃபுக்கு அடியில். எந்த ஓனர் செய்வாள்? சொல்லுங்கள்.

மோட்டார் போடுவது வாடகைக்காரர்களின் முறை. போர்ஷனுக்கு இரண்டு நாள். நாங்கள் போடுவதில்லை, அதுவும் நிபந்தனையில் இருக்கிறது. எப்போதாவது அவசரத்துக்கு நான் போட வேண்டியிருந்தால் ஒட்டடைக் கம்பால் தள்ளிவிடுவேன், மூங்கில் கம்பு, அதில் ஏறாது.

வைகாசியில் கீழ்ப்போர்ஷனுக்கு ஒரு குடும்பம் வந்தது. சோனைமுத்து, அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம், ஒரு பெண் குழந்தை. அவன் டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேன். அவன் என்றா சொன்னேன்? அவர். வாடகை ஐந்தாம் தேதி காலையில் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவார். இருபத்து மூன்று நிபந்தனையையும் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பதினான்காவதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஏன்க்கா, இத எழுதுறதுக்குப் பதிலா ஒரு எலக்ட்ரீசியனக் கூப்ட்டு..."

"எல்லாம் செய்யலாம். இப்ப கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே போட்டார். சிரிக்கிற முகம் அவருக்கு.

பஞ்சவர்ணம் அப்படி இல்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். ஆனி மாதமே ஆரம்பித்துவிட்டாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், வியாழக்கிழமை. "அக்கா, சுவிட்சு சுர்ருங்குதுக்கா. கை மரத்துப் போச்சு." செருப்பு போட்டாயா என்று கேட்டேன். போடவில்லை என்றாள். அப்புறம் என்ன? ஆடிப்பெருக்கு அன்று மறுபடி வந்தாள். செருப்புப் போட்டும் அடிக்கிறதாம், செருப்பு ஈரமாம். அன்றைக்குத்தான் நான் கடைக்குப் போய் அந்த ஜோடியை வாங்கி வந்தேன். ஈரமாக இருக்கக் கூடாது என்றால் அது அங்கேயே காய்ந்து கிடக்க வேண்டும், இல்லையா? யோசித்துச் செய்தேன்.

ஆவணியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். பின்கட்டுச் சுவர் பாசி பிடித்துக் கிடந்தது, மாப்பிள்ளை வீட்டார் கைகழுவப் போனால் பார்ப்பார்களே. டைல்ஸ் ஒட்டினோம். சோனைமுத்துதான் அவர் கடையில் சொல்லிக் குறைத்து வாங்கிக் கொடுத்தார். இளம்பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஒட்டுகிற கொத்தனார் கேட்டார், "கரண்டு வேலை ஏதும் இருந்தா முன்னாடியே முடிச்சிருங்கம்மா. ஒட்டுனப்பறம் ஒடைக்கணும்." நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கிறது, எனக்கு இருக்கிற வேலையில் எலக்ட்ரீசியனை எங்கே தேடுவது? ஒட்டுங்கள் என்றேன்.

நவராத்திரிக்கு வந்து வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டாள், சுண்டல் வாங்கிக்கொண்டாள், அப்புறம் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், "அக்கா, பாப்பா தொட்டுருச்சுக்கா, தூக்கி எறிஞ்சுருச்சு" என்கிறாள். என் நாத்தனார் இருக்கிறாள், எதிர் வீட்டு மாமி இருக்கிறாள். எனக்கு முகம் எப்படி இருக்கும்? "குழந்தைய ஏன் அங்க விடற?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே?

அப்புறம் ஐப்பசியில் சோனைமுத்து அவர் செலவில் ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தார். அந்த ஆள் எதையோ வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, எர்த் வயரே இல்லை, சுவருக்குள் ஒயர் தோல் உரிந்து கிடக்கிறது, இந்தச் சுவரை உடைத்துப் புதிதாக இழுக்க வேண்டும் என்றான். எந்தச் சுவரை? இரண்டு மாதம் முன்னால் டைல்ஸ் ஒட்டிய சுவரை. அந்தப் பூப்போட்ட டைல்ஸ் இப்போது அந்தக் கடையில் வருவதில்லையாம், அதையும் சோனைமுத்துதான் சொன்னார். ஆறு டைல்ஸ் வேறு நிறத்தில் ஒட்டினால் எப்படி இருக்கும்? தை மாதம் கல்யாணம். கல்யாணம் முடியட்டும் என்றேன். நியாயமான பதில். வீட்டுக்காரர் மட்டும் முணுமுணுத்தார், "ஒடச்சா ஒடச்சுட்டுப் போகுது ஹேமா" என்று. அவருக்கென்ன? வருகிறவர்கள் கேட்கப்போவது என்னைத்தானே?

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தடவை சொன்னாள், முந்தின நாள் இன்னொரு தடவை. அன்றைக்கு அதிரசப் பாகு முற்றுகிற நேரம். சரி சரி என்று அனுப்பிவிட்டேன்.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? எனக்கு எடுத்தாயிற்று. மதுரை.

கார்த்திகை ஒன்றாம் தேதி சோனைமுத்து மலைக்கு மாலை போட்டார். கன்னிச்சாமி, முதல் வருஷம். கறுப்பு வேட்டி, தாடி, நாற்பத்தொரு நாள் செருப்பே போட மாட்டார். அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் வந்தாள். எப்போதும் வாசலில் நின்று பேசுகிறவள் அன்றைக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரு மாலை போட்டிருக்காருக்கா. செருப்புப் போடக் கூடாது. இந்த நாப்பத்தோரு நாளைக்கு மட்டும் மோட்டார் மொறைய வேற யாருக்காச்சும் மாத்தி விடுங்கக்கா. நான் போடலாம்னா என்னப் போட விடமாட்டேங்கிறாரு."

நான் சாமி இல்லாதவள் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், விதி என்றால் எல்லாருக்கும் விதி. கீழ்ப்போர்ஷனுக்குக் கார்த்திகை மாதம் விலக்குக் கொடுத்தால், மாடியில் இருக்கிற பாத்திமாவின் வீட்டுக்காரர் நோன்பு மாதம் கேட்பார், அடுத்த போர்ஷனில் ஸ்டெல்லா தவக்காலத்துக்குக் கேட்பாள். அப்புறம் மோட்டாரை யார் போடுவது? முறை முறைதான் என்றேன். வேண்டுமானால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று போடச் சொல்லு, மரத்தில் ஏறாது என்றேன். பலகை கூட நானே கொடுத்தேன். கோலப்பலகை, பழசு.

அவள் பலகையை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க அடைமழை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்குக் கூட இரண்டு நாள் லீவு விட்டார்கள். ஒன்பதாம் நாள், புதன்கிழமை. விடிகாலை நாலரை. சாமிமார்களுக்கு அந்நேரம் குளித்தாக வேண்டும். டேங்கில் தண்ணீர் இல்லை. பலகை இரவெல்லாம் மழையில் ஊறிக் கிடந்திருக்கிறது. பலகைமேல் ஏறி நின்றுதான் போட்டிருக்கிறார். கை சுவிட்சை விடவே இல்லை. செருப்பு அங்கேயே, பக்கத்திலேயே, காய்ந்து போய் ஷெல்ஃபுக்கு அடியில் இருந்தது. அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். செருப்பு அங்கே இருந்தது.

ஒன்று சொல்லட்டுமா? இதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. அன்றைக்கு எனக்கு முழிப்பு வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பின் ஜன்னலைத் திறந்தேன். அவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மாலை போட்டவர்களைச் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? நானும் மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். "சாமி, டேங்க்ல தண்ணி இல்ல. இன்னிக்கு உங்க மொறை."

"இதோ போடுறேன்க்கா" என்றார்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். மழைச்சாரல் உள்ளே வந்தது.

அதை விடுங்கள். அது இந்தத் தாளில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போலீஸ் வந்தது. முதலில் சந்தேக மரணம் என்று எழுதினார்கள். மின்சார ஆய்வாளர் வந்து பார்த்தார், டைல்ஸை உடைத்துப் பார்த்தார், என்னைக் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் சொன்னார், ஓனர் கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு வரும், பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் முதல் குற்றவாளி என்று. என் பேரில். அப்பா ஆசையாக என் பேரில் எழுதியது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

வக்கீல் தனசேகரிடம் போனோம். அக்ரிமென்ட்டைக் கொடுத்தேன். பதினான்காவது நிபந்தனையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இத யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவ்வளவு பெரிய வக்கீல். ஆனால் அதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று சொல்லி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஏன் காட்டக் கூடாது? காட்டத்தானே எழுதினேன்? எனக்குப் புரியவில்லை. செருப்பு வாங்கிய ரசீது கூட வைத்திருக்கிறேன், அதையும் வாங்கிப் பூட்டிக்கொண்டார்.

அவர்தான் வழி சொன்னார். இறந்தவரின் மனைவியிடமிருந்து ஒரு வாக்குமூலம் வாங்கிவிட்டால் இன்ஸ்பெக்டர் கோப்பை மூடப் பார்ப்பார். தட்டச்சு செய்து முத்திரைத் தாளில் கொடுத்தார். "நீங்க போங்க, அழுங்க, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பொம்பளைக்குப் பொம்பளை பேசினா கேப்பாங்க. ஒரு விஷயம், உங்க கையால ஒரு எழுத்து எழுதக் கூடாது. பேனாவ அவங்க கையில குடுக்க மட்டும்தான் எடுக்கணும்." இப்படி ஒரு வக்கீல். அவர் தட்டச்சில் 'கவனக்குறைவு' என்பதற்கு ஒற்று விட்டுப் போயிருக்கிறது, நான் வாயே திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன், அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் தெரியும். அட்வான்ஸையும் முழுசாக எடுத்து வைத்துக்கொண்டேன். வெள்ளையடிக்க என்று ஒரு பைசா பிடிக்கவில்லை.

இன்று காலை ஒன்பதரைக்கு இறங்கினேன். மானாமதுரையிலிருந்து உள்ளே போக வேண்டும், ஆட்டோதான். சோனைமுத்துவின் அம்மா வீடு. இரண்டு அறை. அந்த அம்மா மூலையில் சுருண்டு படுத்திருந்தது. சோனைமுத்துவின் தம்பி இருளப்பன் நிலைப்படியில் நின்றான். வாங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். நானாக உட்கார்ந்தேன்.

அழ வேண்டும் என்று வக்கீல் சொன்னாரே, வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"படிங்கக்கா" என்றாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

படித்தேன். 'என் கணவர் சோனைமுத்து, வீட்டு உரிமையாளர் அறிவுறுத்தியும், காலணி அணியாமல், தம் சொந்தக் கவனக்குறைவால் மோட்டார் சுவிட்சை இயக்கி இறந்தார். உரிமையாளர்மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை.'

"சொந்தக் கவனக்குறைவுன்னா என்னக்கா?"

"அவர் பாத்து நடந்துக்கலைன்னு அர்த்தம்."

"அவரு பாத்து நடந்துக்கலைன்னு நான் எழுதித் தரணும்."

"ஆமா."

புடைத்த அரிசியை முறத்தில் ஒதுக்கினாள். ரொம்ப நேரம் ஒதுக்கினாள். எனக்கு இந்த மாதிரி இழுத்தடித்தால் பொறுக்காது. "உனக்கு இஷ்டம் இல்லேன்னா சொல்லிடு பஞ்சவர்ணம், நான் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றேன்.

"போட்டுத் தாரேன்க்கா" என்றாள். "பிள்ளைய வச்சுக்கிட்டு கோர்ட்டு, கேஸுன்னு என்னால அலைய முடியாது. ஆனா ஒண்ணு. நான் சொன்னதையும் அதுல எழுதுங்க."

"எதை?"

"சுவிட்ச சரி பண்ணச் சொல்லி உங்ககிட்ட நான் சொன்னத. இந்தா படுத்திருக்கே எங்கத்தை, எம்புருசன் செத்ததுல இருந்து எங்கிட்டப் பேச மாட்டேங்குது. நீ வாயத் தொறந்து வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லியிருந்தா எம்புள்ள செத்திருக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லுது. நான் சொன்னேன்க்கா. நான் சொன்னேன்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும்."

மூலையில் அந்த அம்மா அசையவில்லை. ஆனால் கேட்கிறது என்று முதுகில் தெரிந்தது.

இதில் என்ன இருக்கிறது? மாமியார் மருமகள் பிரச்சினை. சொன்னாள், அது உண்மை. உண்மையை எழுதினால் ஒரு குடும்பத்தில் சண்டை தீரும் என்றால் எழுதிவிட்டுப் போகலாமே? வக்கீல் என் கையால் எழுதக் கூடாது என்றார்தான். அவர் மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார், இங்கே நிலைமை வேறு. அவள் எட்டாவதுதான் படித்தவள், எழுதச் சொன்னால் சாயங்காலம் ஆகிவிடும். பேனாவை எடுத்தேன்.

"எத்தனை தடவை சொன்ன?"

விரல் விட்டு எண்ணினாள். ஆனி, ஆடிப்பெருக்கு என்று ஆரம்பித்து. நடுவில் எல்லாம் தவற விடுகிறாள். நவராத்திரியை விட்டுவிட்டாள், நான்தான் ஞாபகப்படுத்தினேன். எலக்ட்ரீசியன் வந்த நாளை ஐப்பசி ஐந்து என்றாள். ஐந்து இல்லை, எட்டு, அன்றைக்குப் பிரதோஷம், எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் ஆறு என்று நிறுத்தினாள்.

"ஆறுக்கா."

"ஆறு இல்லை பஞ்சவர்ணம், ஏழு."

முழித்தாள்.

"கார்த்திகை ஒண்ணாந்தேதி வந்தியே. மாலை போட்டிருக்கார், செருப்புப் போட முடியாது, முறைய மாத்தி விடுங்கன்னு உக்காந்து கேட்டியே. நான் முடியாதுன்னு சொல்லிப் பலகை குடுத்தேனே."

"அது ஒதவி கேட்டதுக்கா. சுவிட்ச சரி பண்ணச் சொல்லலையே."

"கேட்டது கேட்டதுதானே? அதையும் சேர்த்துத்தான் ஏழு."

பாதி விடை எழுதி எனக்குப் பழக்கமில்லை. தேதி, கிழமை, என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், எல்லாம் வரிசையாக எழுதினேன். அழகாக வந்தது. அந்தத் தட்டச்சுக்குக் கீழே என் கையெழுத்து முத்து முத்தாக. 'மேற்கண்ட ஏழு முறையும் இவர் என்னிடம் சொன்னது உண்மை' என்று முடித்தேன். முடித்ததும் அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். ஏழாவதைப் படிக்கும்போது அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தது. தலையெல்லாம் கலைந்து, கண் ஒட்டிப் போய். "சொல்லியிருக்காடா" என்றது. இருளப்பனைப் பார்த்துச் சொன்னது. "ஏழு தடவ சொல்லியிருக்காடா எம்மருமக." அப்புறம் பஞ்சவர்ணத்தின் தலையில் கை வைத்தது. அப்போதுதான் அவள் அழுதாள். அவள் மட்டும் இல்லை, விடுங்கள்.

கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன், நான் எழுதினதுக்கு நான்தானே போட வேண்டும்? இருளப்பன் வாங்கி இரண்டு தடவை படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொன்னு எழுதிக் குடுங்கக்கா, அம்மாகிட்ட இருக்கட்டும்" என்றான். அதுவும் நியாயம்தான், நாளைக்கே அந்த அம்மாவுக்கு மறுபடி சந்தேகம் வரும். வெள்ளைத் தாள் கொடுத்தார்கள், அதிலும் அத்தனையும் அப்படியே எழுதி, என் கையெழுத்து, தேதி. பஞ்சவர்ணம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை. இருளப்பன் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான். எந்தப் போலீஸ் ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர் பேர் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டான், சொன்னேன். மரியாதை தெரிந்த ஆள்.

இதோ, நீங்களே பாருங்கள். கை ஈரமில்லையே? டீச்சர், பிழை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

என்ன, ஒன்றும் சொல்லாமல் கொடுக்கிறீர்கள்? பிழை இல்லை, அப்படித்தானே?

இருங்கள், போன். இவர்தான்.

ஆங், சொல்லுங்க. திருப்புவனம் தாண்டப் போறோம். ஆச்சு, ஆச்சு, போட்டுட்டா. ஆமா, ரெண்டு பேரும்தான்... நானும்தான் போட்டேன். வக்கீல் பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போடுங்க, படிக்கறேன். கேளுங்க.

...

படிச்சிட்டேன். ஹலோ? கேட்டுதா? ஹலோ.

சிக்னல் போய்விட்டது போலிருக்கிறது. இல்லை, இருக்கிறது, இரண்டு கோடு காட்டுகிறது. மூச்சுச் சத்தம் கேட்கிறது. ஹலோ, என்னங்க?

என்னது? எங்க எறங்கணும்?

காப்பியா? அது அவங்ககிட்டதான் இருக்கு. அதை எதுக்குத் திருப்பி வாங்கணும்? தப்பா எழுதிட்டேன்னு சொல்லணுமா? என்ன தப்பு? எந்தத் தேதி தப்பு? ... கத்தாதீங்க. வக்கீலையும் கத்த வேண்டாம்னு சொல்லுங்க.

வைத்துவிட்டேன்.

திருப்புவனத்தில் இறங்க வேண்டுமாம். எதிர் பஸ்ஸைப் பிடித்து மானாமதுரைக்குப் போய், அந்த அம்மா கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம். இருளப்பன் ஸ்டேஷனுக்குப் போவதற்குள். போய் என்ன சொல்வது? அவள் சொல்லவே இல்லை என்றா? தலையில் கை வைத்திருக்கிறதே அந்த அம்மா, அந்தக் கையை எடு என்றா?

அந்தத் தாளில் இருப்பது உண்மைதானே, டீச்சர்? நீங்கள் படித்தீர்களே.

பஸ் நிற்கிறது. ஸ்டாப்பிங் வந்துவிட்டதா? ஏன் பரீட்சைத் தாளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள், எனக்கு வழி விடுவதற்கா? நான் இறங்கவில்லை. உட்காருங்கள்.